படுகாயமுற்றோரும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நல்வாழ்வுத் துணைக்குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றாலே இசையும் நடனமும் பட்டிமன்றமும் பரிசளிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. மங்கலமான இந்நாளில் காயத்தையும் குருதியையும் பற்றிப் பேச முற்படுவது பொருந்துமோ என்று எங்களுள்ளேயே ஓர் ஐயம் எழுந்தது. ஆயினும், காலனியின் எல்லாக் குடும்பங்களும் ஒரே பந்தலின் கீழ் அமர்வது ஆண்டில் இந்த ஒரு நாள்தான். அனைவரும் கூடியிருக்கும்போது பேசாமல் வேறு எப்போது பேசுவது? ஆதலின், சிறிது நேரம் எங்களுக்குச் செவி சாய்க்குமாறு வேண்டுகிறோம்.

காயத்துக்குச் சிகிச்சை செய்யும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், போர்வீரனின் மார்புப் புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசியை, குளத்தில் மூழ்கி மேலெழும் மீன்கொத்திப் பறவைக்கு ஒப்பிடுகிறார். குருதியில் மறைந்து மீண்டும் வெளிப்படும் ஊசியை நேரில் கண்டவரே அவ்வாறு பாட இயலும். திருவள்ளுவரோ 'மருந்து' என்னும் அதிகாரத்தில், மருத்துவம் கற்றவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றும் என்கிறார். அவர் மூன்றாவதாக வைத்த காலம், படுகாயமுற்றவர் திறத்தில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. இன்று நாம் சொல்ல வந்த கருத்தின் சாரம் இதுவே.

இழப்பின் அளவு

நம் நாட்டின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தோர் 1,68,491 பேர். காயமுற்றோர் 4,43,366 பேர். மணிக்கணக்கில் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு 19 பேர் சாலையில் உயிர் துறந்தனர். இவ்விழா நடைபெறும் மூன்று மணி நேரத்துக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் விளக்கு அணைகிறது என்று கொள்ளலாம். இது சாலை விபத்தின் கணக்கு மட்டுமே. ஆலை இயந்திரத்தில் கை சிக்கியவர், சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளி, ரயிலிலிருந்து தவறி விழுந்தவர், அடுப்பங்கரையில் தீப்பட்டவர் ஆகியோர் இதில் அடங்கார்.

இறந்தோர் யார் என்று பார்த்தால் நம் நெஞ்சு மேலும் கனக்கும். அவ்வாண்டில் மாண்டோருள் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் முதலிய இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். குடும்பத்தைத் தாங்கும் தூண்களே முதலில் சாய்கின்றன. காலையில் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் வண்டியில் புறப்படும் பிள்ளைகள் இல்லாத வீடு நம் காலனியில் எத்தனை உண்டு?

விபத்தைத் தடுப்பதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. தலைக்கவசமும் மிதமான வேகமும் எந்த அறுவை நிபுணரைக் காட்டிலும் மிகுந்த உயிர்களைக் காக்கும். ஆனால் அது பற்றிக் காவல் துறையினரும் பள்ளிகளும் அடிக்கடி பேசுகின்றனர். விபத்து நிகழ்ந்துவிட்ட பின் காயமுற்றவருக்குக் கிடைக்கும் சிகிச்சையின் தரத்தைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். எனவே இன்று அதனையே எடுத்துக்கொண்டோம்.

எவ்வாறு உயிர் பிரிகிறது?

படுகாயமுற்றவர்கள் மூன்று காலங்களில் மடிகின்றனர் என்று மருத்துவ நூலார் பிரித்துக் கூறுவர். மூளையோ இதயமோ பெருங்குழாயோ சிதைந்து அந்த இடத்திலேயே உயிர் விடுவோர் ஒரு சாரார். இவர்களைக் காப்பது அரிது. சில மணி நேரத்துக்குள் இறப்போர் இரண்டாம் சாரார். இவர்கள் பெரும்பாலும் மூச்சுத் தடையாலும், உள்ளும் புறமும் குருதி வழிந்தோடுவதாலும், மண்டைக்குள் குருதி கட்டி மூளையை அழுத்துவதாலும் மாய்கின்றனர். நாட்கள் பல கடந்தபின், புண்ணில் கிருமி புகுந்தோ உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தோ மறைவோர் மூன்றாம் சாரார். பின்னிரு சாராருள் பலரைக் காப்பாற்ற இயலும். காப்பாற்ற இயலுவோரைக் காப்பாற்றாமல் விடுவதே தரக்குறைவு.

அமெரிக்க நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு முறிவு நிபுணர் தம் மனைவியோடும் நான்கு குழந்தைகளோடும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றார். விமானம் ஊர்ப்புறத்து வயலொன்றில் விழுந்தது. மனைவி மாண்டார், அவரும் குழந்தைகளுள் மூவரும் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை, இருளில் வயல் நடுவே தாம் வெறுங்கையால் செய்த உதவிக்கும் குறைந்ததாக இருந்தது என்று அவர் உணர்ந்தார். அங்கிருந்த டாக்டர்கள் கல்லாதவர்கள் அல்லர். ஆனால் படுகாயமுற்றவர் வந்தால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்னும் முறை எவருக்கும் கற்பிக்கப்படவில்லை. துயரத்தில் ஆழ்ந்துவிடாமல் அவர் நண்பர்களோடு கூடி ஒரு பயிற்சியை வகுத்தார். 1978-இல் அது முதன்முதலாக நடத்தப்பட்டது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும், நம் நாட்டிலும், அப்பயிற்சி நடைபெறுகிறது.

அதன் சாரம் மிக எளியது. முதலில் மூச்சுக்குழாய் திறந்துள்ளதா? அடுத்து, சுவாசம் நடைபெறுகிறதா? மூன்றாவது, குருதி ஓட்டம் எவ்வாறு, எங்கே குருதி வழிகிறது? நான்காவது, நினைவு எந்நிலையில் உள்ளது? ஐந்தாவது, ஆடை நீக்கி உடல் முழுவதையும் பார்த்தாயிற்றா, உடல் குளிராமல் போர்த்தாயிற்றா? இவ்வரிசை மாறக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் முறிந்த காலைக் கட்டுவதில் அனைவரும் முனைந்திருக்க, கண்ணுக்குத் தெரியாத வயிற்றுக் குருதிப்பெருக்கால் நோயாளி மாண்டுபோவது இவ்வரிசையை மறந்ததன் விளைவு.

நினைவு நிலையை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் 1974-இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றுக்கும் எண் கொடுத்துக் கூட்டினால் 3 முதல் 15 வரை ஓர் எண் வரும். 8-ம் அதற்குக் கீழும் என்றால் மூளைக்காயம் கடுமையானது. சிற்றூர் டாக்டர் தொலைபேசியில் இவ்வெண்ணைச் சொன்னால் பெருநகர அறுவை நிபுணர் நிலைமையை உடனே அறிந்துகொள்வார். வேற்றுமொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு ஒரு பொதுமொழியின் அருமை தெரியும். மருத்துவர்களுக்கும் அத்தகைய பொதுமொழி வேண்டும்.

அண்மையா, தகுதியா?

'அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே கொண்டு செல்லுங்கள்' என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் சொல். மூச்சு நிற்கும் நிலையில் அது சரியே. ஆனால் எப்போதும் அது சரியா?

1979-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டு மாவட்டங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோவில் படுகாயமுற்றோர் அனைவரையும் அதற்கென்றே ஆயத்தமாக இருந்த ஒரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஆரஞ்சு மாவட்டத்திலோ அருகிலிருந்த மருத்துவமனை எதுவோ அதற்குக் கொண்டு சென்றனர். இறந்தோரின் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஆரஞ்சு மாவட்டத்தில் மூளைக்காயம் அல்லாத காரணங்களால் இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள் என்று ஆய்வாளர்கள் கண்டனர். சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய இறப்பு ஒன்றே ஒன்று. அதே நாடு, அதே மாநிலம், அதே பட்டம் பெற்ற டாக்டர்கள். வேறுபட்டது ஏற்பாடு மட்டுமே. பின்னர் 2006-இல் வெளிவந்த மற்றொரு பேராய்வு, விபத்துச் சிகிச்சைக்கென ஆயத்தமான மையங்கள் 18-ஐயும் அவ்வாறல்லாத மருத்துவமனைகள் 51-ஐயும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குள் இறந்தோர் மையங்களில் நூற்றுக்கு 10.4, ஏனையவற்றில் 13.8. நூற்றுக்கு மூன்று பேர் என்பது சிறு எண்ணாகத் தோன்றும். அம்மூவரில் ஒருவர் நம் பிள்ளையாக இருந்தால் அது சிறு எண்ணாகத் தோன்றுமா?

'அவ்வாறாயின் பெரிய கட்டடமும் விலையுயர்ந்த கருவிகளும் வந்தால் தரம் உயர்ந்துவிடும்' என்று சிலர் எண்ணலாம். அதுவும் முழு உண்மையன்று. டிரானெக்சாமிக் அமிலம் என்றொரு மருந்து உண்டு. பழைய மருந்து, விலை மலிவானது, குருதிக்கட்டி கரையாமல் தடுக்க வல்லது. இதனைப் படுகாயமுற்றோர்க்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். நம் நாட்டு மருத்துவமனைகளும் அதில் பங்கு பெற்றன. மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 16 பேர் இறக்க, பெற்றோரில் 14.5 பேரே இறந்தனர். காயமுற்ற மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதன்பின் கொடுத்தால் கேடு நேரலாம் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. மருந்து அலமாரியில் இருந்தால் போதாது. அதை உரிய நேரத்தில் எடுத்துக் கொடுக்கும் கையும், கொடுக்க வேண்டும் என்று அறிந்த அறிவும் வேண்டும். இங்கும் காலமே வெல்கிறது.

நம் நாடு நடந்து வந்த வழி

நம் நாட்டில் ஒன்றுமே நடைபெறவில்லை என்று புலம்புவது நன்றி மறந்த பேச்சாகும். நெடுந்தொலைவு வந்திருக்கிறோம்.

ஒரு காலத்தில் விபத்து என்றாலே மருத்துவமனைகள் அஞ்சின. போலீசு வழக்கு, சாட்சி, நீதிமன்றம் என்று எண்ணித் தயங்கின. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் காரால் மோதப்பட்டு, முதலில் கொண்டு சென்ற மருத்துவமனையில் ஏற்கப்படாமல், இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறொன்றுக்கு அனுப்பப்பட்டு, வழியிலேயே மாண்டார். இச்செய்தி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பரமானந்த் கட்டாரா வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1989-இல் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதற்கடமை. சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று நீதிமன்றம் விதித்தது. மேற்கு வங்கத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவர், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் பலவற்றால் திருப்பி அனுப்பப்பட்டார். 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ. 25,000 இழப்பீடு அளிக்கச் செய்ததோடு, அவசரச் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்றும், பணமில்லை என்று அரசு சொல்லித் தப்ப இயலாது என்றும் தீர்த்தது.

2005-இல் ஐதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி மாநிலந்தோறும் பரவிற்று. தமிழ்நாட்டில் 2008-இல் வந்தது. 2009-இல் அவசர மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பட்டது. புதுதில்லியில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெயரால் விபத்துச் சிகிச்சைக்கென்றே தனி மையம் அமைந்தது.

இவ்வழியில் தமிழர் பங்கு உண்டா என்று கேட்பீர்கள். பெருமையோடு சொல்லலாம், உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2014-இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே மருத்துவமனையினர், எலும்பு நொறுங்கித் தசை கிழிந்த காலை அகற்றுவதா காப்பதா என்று முடிவு செய்ய ஓர் அளவுகோலையும் வகுத்தனர். தோல், எலும்பு, தசை நரம்பு ஆகியவற்றின் சேதத்துக்கும் உடலின் பொதுநிலைக்கும் தனித்தனியே எண் இட்டுக் கூட்டுவது அது. 14-க்கு மிகாவிடில் காலைக் காக்க முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் அகற்றுவதே பொருந்தும். இடையில் நின்றால் தேர்ந்தோர் கூடி முடிவெடுக்க வேண்டும். ஒரு மனிதனின் காலை ஊகத்தின் பேரில் இழக்கவோ காக்கவோ கூடாது என்னும் அறவுணர்வு அதில் உள்ளது.

உதவி செய்வோரின் அச்சத்தைப் போக்கவும் சட்டம் வந்துள்ளது. 2015-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட இயலாது என்று உறுதி செய்தது. காயமுற்றவரைக் கொண்டு சேர்த்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவமனை அவரைத் தடுத்து வைக்கவோ அவரிடம் பணம் கேட்கவோ கூடாது. மேலும் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, நாட்டின் எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்தில் காயமுற்றாலும், அதற்கென ஏற்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாட்கள் வரை ரூ. 1,50,000 அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் மற்றொன்றையும் அறிக: 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வகை செய்தது.

இன்னும் எஞ்சியது

நிற்க. சட்டம் வாயிலைத் திறக்கும். வாயிலுக்குள் நடைபெறும் சிகிச்சையின் தரத்தைச் சட்டம் தர இயலாது. பெருமருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நள்ளிரவில் நின்று பார்த்தோர் அறிவர். ஒரு தள்ளுவண்டிக் கட்டிலில் இருவர். ஒரு செவிலியர்க்கு இருபது நோயாளிகள். ஸ்கேன் அறைக்கு உறவினரே தள்ளிச் செல்லும் நிலை. அங்கே பணியாற்றும் இளம் டாக்டர்களின் உழைப்பைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. அவர்கள் தோளில் ஏற்றப்பட்ட சுமையைத்தான் குறை கூற வேண்டும்.

தரம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எங்கள் குழுவினர் கருதுவன ஐந்து.

ஒன்று, முன்னறிவிப்பு. ஆம்புலன்ஸ் புறப்படும்போதே மருத்துவமனைக்குச் செய்தி போக வேண்டும். நோயாளி வந்து சேருமுன் அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், குருதி வங்கி மூவரும் ஆயத்தமாக வேண்டும். இரண்டு, வரிசை. வந்தவருள் யாரை முதலில் பார்ப்பது என்று பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் வாயிலில் நிற்க வேண்டும். உரக்கக் கூவுபவனைக் காட்டிலும் ஓசையின்றிக் கிடப்பவன் ஆபத்தில் இருக்கக்கூடும். மூன்று, தலைமை. பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் கட்டளை ஒருவரிடமிருந்தே வர வேண்டும். நான்கு, பதிவேடு. எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு நேரத்தில் சிகிச்சை தொடங்கிற்று, எத்தனை பேர் பிழைத்தனர் என்று எழுதி வைக்காத மருத்துவமனை தன் தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைத் தானே அறியாது. ஐந்து, இறப்பு ஆய்வு. ஒவ்வோர் இறப்பையும் டாக்டர்கள் கூடி ஆராய்ந்து, 'இவரைக் காத்திருக்க இயலுமா?' என்று கேட்க வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக அன்று, அடுத்தவரைக் காப்பதற்காக. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே வற்புறுத்துகிறது. இவ்வைந்தில் எதற்கும் கோடிக்கணக்கான ரூபாய் வேண்டியதில்லை.

ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அது மறுவாழ்வு. உயிர் பிழைத்தார் என்று வீட்டுக்கு அனுப்பியதோடு கதை முடிவதில்லை. கால் இழந்தவர் மீண்டும் நடக்க வேண்டும். மூளையில் அடிபட்டவர் பேச்சையும் நினைவையும் மீட்க வேண்டும். முதுகுத்தண்டு முறிந்தவர் படுக்கைப் புண்ணின்றி வாழ வேண்டும். இவற்றுக்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். அச்சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியின் தலையில் விழுகிறது. அவருக்குத் துணை நிற்பது அண்டை வீட்டாராகிய நம் கடமை.

நாம் செய்யத் தக்கவை

நம் சங்கங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விபத்தில் ஒருவர் மறைந்தால் உடனே நிதி திரட்டிக் குடும்பத்துக்கு அளிக்கிறோம். ஊருக்குச் செல்ல வழிசெய்கிறோம். அது வாழ்க. ஆனால் இறந்தபின் நீளும் கை, இறவாமல் காக்க முன்னரே நீண்டால் என்ன? அதற்காக எங்கள் குழு சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறது.

முதலாவது, நம் நகரில் இரவு பகல் எந்நேரமும் அறுவைச் சிகிச்சையும் சி.டி. ஸ்கேனும் குருதி வங்கியும் உள்ள மருத்துவமனைகள் எவை, கட்டணமில்லாத் திட்டத்தில் சேர்ந்தவை எவை என்று நேரில் சென்று கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறமும் ஒட்டி வைப்போம். விபத்து நடந்தபின் விசாரிக்க நேரமிராது. 108, 112 என்னும் எண்களைப் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் மனப்பாடம் செய்க.

இரண்டாவது, குருதிக் கொடையாளர் பட்டியல். காலனியில் யார் யாருக்கு என்ன வகைக் குருதி என்று பதிவு செய்வோம். ஆண்டுக்கு இருமுறை குருதிக் கொடை முகாம் நடத்துவோம். கண்ணீரோடு வரும் உறவினர் குருதி தேடி அலைவதைக் காட்டிலும், வங்கியில் முன்னரே குருதி இருப்பது மேல்.

மூன்றாவது, மொழித் துணை. அண்மையில் ஊரிலிருந்து வந்த தாயாருக்கோ மருமகளுக்கோ இவ்வூர் மொழி தெரியாது. நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா, குருதி உறையாமைக்கு மருந்து உண்கிறாரா என்று டாக்டர் கேட்கும்போது அவர் விழித்து நிற்பார். அவ்வேளையில் இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் நின்றால் அதுவே பாதி மருந்து. முறை வைத்துப் பத்து இளைஞர்கள் இதற்கு முன்வர வேண்டும். ஒவ்வொருவரும் தம் குருதி வகையையும் உண்ணும் மருந்துகளையும் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் ஒரு சிறு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது நலம்.

நான்காவது, முதலுதவிப் பயிற்சி. இதனைச் சிறிது விரித்துக் கூறுவோம். குருதி பீறிட்டால் தூய துணியை வைத்து அழுத்துக. ஐந்து நிமிடத்துக்கு எடுத்துப் பார்க்காதீர். கையிலோ காலிலோ அழுத்தியும் நில்லாத பெருக்குக்கு, காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துச் சொல்லுக. உடலில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர். கழுத்தைத் திருப்பாதீர், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர். மயங்கியவர் வாயில் தண்ணீரோ தேநீரோ ஊற்றாதீர். அது மூச்சுக்குழாயில் புகுந்து உயிரை வாங்கும். போர்வை போர்த்துக, உடல் குளிர்ந்தால் குருதி உறையாது. விரல் துண்டானால் அதனை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டு செல்க. பனிக்கட்டி விரலை நேரே தொடக் கூடாது. ஆலையில் பணிபுரிவோர் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, கேட்கும் துணிவு. நம் நகர மருத்துவமனையின் ஆலோசனைக் குழுவிலோ ஆலையின் நலக்குழுவிலோ நம்மவர் சிலர் இடம் பெறுவதுண்டு. அவர்கள் புதிய கட்டடம் எப்போது திறக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், விபத்துப் பதிவேடு உண்டா, இறப்பு ஆய்வு நடைபெறுகிறதா, அவசரப் பிரிவினர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். பகைமையோடு அன்று, பண்போடு கேட்க வேண்டும். இதனைத் தமிழருக்கு மட்டும் கேட்பதாக எண்ணற்க. அடிபட்டுக் கிடப்பவன் எம்மொழியினன் என்று குருதி சொல்லாது. இவ்வூர் நமக்குச் சோறும் தொழிலும் தந்தது. இங்குள்ள மருத்துவமனையின் தரம் உயர நாம் உழைப்பது அதற்குச் செலுத்தும் நன்றிக்கடன்.

அன்பர்களே! விபத்து நேர்ந்தால் 'தலைவிதி' என்று பெருமூச்சு விடுவது நம் நெடுநாள் வழக்கம். விதி எதுவோ நாம் அறியோம். ஆனால் தாமதமும் அறியாமையும் ஆயத்தமின்மையும் விதியல்ல. அவை மனிதன் திருத்தக் கூடியவை. இப்பந்தலைவிட்டு எழுந்து செல்லுமுன், வாயிலில் வைத்திருக்கும் இரு பதிவேடுகளில், ஒன்றில் குருதிக் கொடைக்கும் மற்றொன்றில் முதலுதவிப் பயிற்சிக்கும் உங்கள் பெயரை எழுதிச் செல்லுமாறு கைகூப்பி வேண்டுகிறோம். வீட்டுக்கு ஒருவர் எழுதினால் போதும். இந்த ஆண்டு விழா பயனுள்ள விழாவாகும்.

 வாழ்க தமிழ்! வளர்க மனித நேயம்!